சாயம் போக்கும் குமிழி

துணிக்கடையில் விலைக்கு அடுத்தபடியாக நாம் கேட்பது, "சாயம் போகுமா?" என்பதுதான். போகவே போகாது என்று கடைக்காரர் அடித்துச் சொல்வார். ஒரு தலைமுறைக்கு முன் அந்த வாக்கை நம்பிப் புதுச் சட்டையை வெள்ளை வேட்டியோடு ஊறவைத்துக் கெட்டவர்கள் உண்டு. இன்றைக்குப் பெரும்பாலும் அவர் சொன்னபடியே நடக்கிறது. அதற்கு அடிப்படை, 1954-ல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் ராட்டி, ஸ்டீபன் என்ற இரு வேதியியலாளர்கள் கண்ட ஒரு வழி. அதற்கு முந்தைய சாயங்கள் பருத்தி இழையின் மேல் படிந்தோ இழைக்குள் சிக்கியோ நின்றன. இவர்களுடைய சாயம் பருத்தியின் மூலக்கூறோடு வேதிப்பிணைப்பால் தன்னைக் கட்டிக்கொண்டது. 1956-ல் சந்தைக்கு வந்த அந்த ரியாக்டிவ் சாயங்களின் வழிவந்தவைதான் இன்று பனியன் துணிக்கு நிறம் தருகின்றன.

வெயிலில் மங்கக் கூடாது, சோப்பில் வெளுக்கக் கூடாது, வியர்வை பட்டாலும் அசையக் கூடாது என்று கேட்டோம். கேட்டபடியே செய்து கொடுத்துவிட்டார்கள். அந்தச் சாயத்தில் ஒரு பங்கு துணியில் ஏறாமல் தண்ணீரோடு போகிறது. போன இடத்திலும் அது எளிதில் மங்குவதில்லை. நுண்ணுயிர்கள் அதைச் சீந்துவதில்லை. சட்டையில் நாம் மெச்சும் குணமே ஆற்றில் கேடாக வந்து நிற்கிறது.

திருப்பூர்ச் சாயப்பட்டறையில் ஒரு லாட் துணிக்கு நிறம் ஏற்றுவதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். சாஃப்ட் ஃப்ளோ மெஷினுக்குள் துணி கயிறாகத் திரண்டு சாயநீரில் சுழன்றுகொண்டே இருக்கிறது. தண்ணீரில் பருத்தியும் சாயமும் இரண்டுமே எதிர்மின்னூட்டம் கொண்டவை, ஒன்றையொன்று விலக்கும். அந்த விலக்கத்தைத் தணிக்க உப்பைக் கொட்டுகிறார்கள். அடர்நிறம் என்றால் லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் வரைகூடப் போகும். கடல்நீரிலேயே லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புதான் இருக்கிறது. சாயம் இழையை நெருங்கிய பிறகு சோடா உப்பைச் சேர்த்துக் காரத்தன்மையைக் கூட்டுகிறார்கள். சுமார் 60 டிகிரி சூட்டில் சாயம் பருத்தியைப் பற்றிக்கொள்கிறது. ஆனால் சுற்றிலும் தண்ணீர் இருக்கிறதே! சாய மூலக்கூறுகளில் சில, பருத்திக்குப் பதிலாகத் தண்ணீரோடு வினைபுரிந்துவிடுகின்றன. அப்படிப் போனவை இனி எந்த இழையிலும் ஒட்டா. சாயத்தின் வகையைப் பொறுத்துப் பத்தில் ஒரு பங்கிலிருந்து நான்கு பங்கு வரை இப்படி வீணாகிறது. பிறகு அலசல், சோப்பிங், மறுபடி அலசல். ஒவ்வொரு முறையும் நிறம் கலந்த உப்புநீர் வெளியேறுகிறது.

அந்த நீர் என்ன செய்தது என்பதற்கு நொய்யல் சாட்சி. வெள்ளியங்கிரி மலைச்சாரலில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும் ஆறு அது. பாசனத்துக்காக அதன் குறுக்கே கட்டி 1992-ல் பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவைத் தேக்கிவைக்கும் தொட்டியாகிவிட்டது. தண்ணீருக்காகக் கட்டிய அணையைத் திறந்துவிடாதீர்கள் என்று அந்த அணையின் ஆயக்கட்டு விவசாயிகளே கெஞ்ச வேண்டி வந்தது. அவர்கள் நடத்திய நீண்ட வழக்கில், 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே உத்தரவில் நின்றன.

அதற்குப் பிறகு, கழிவுநீரில் ஒரு சொட்டும் வெளியே விடக் கூடாது என்ற முறைக்குத் திருப்பூர் மாறியது. முதலில் நுண்ணுயிர்த் தொட்டி, பிறகு வடிகட்டிகள், பிறகு ஆர்.ஓ. சவ்வுகள், சவ்வு ஒதுக்கித் தள்ளிய அடர்நீரைக் காய்ச்ச எவாப்பரேட்டர். பெருஞ்செலவில் பெருமுயற்சியோடு நடக்கும் வேலை இது. இந்த அளவில் இதைச் செய்துகாட்டிய துணி நகரங்கள் உலகில் மிகச் சில. ஆனாலும் இந்த வரிசையில் பெரும்பகுதி, அழுக்கை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பிரித்து வைக்கிற வேலைதான். சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் போட்டால் சாயம் கசடாகக் கீழே படிகிறது. ஆர்.ஓ.வில் அடர்நீருக்குப் போகிறது. எவாப்பரேட்டரில் கலவை உப்போடு சேர்ந்து மூட்டையாகிக் குடோனில் அடுக்கப்படுகிறது. எங்கேயும் சாய மூலக்கூறு சாகவில்லை. அதை உடைத்தே போட வேண்டுமென்றால் வேறொரு ஆயுதம் வேண்டும்.

அந்த ஆயுதத்தின் பெயர் ஹைட்ராக்சில். தண்ணீர் மூலக்கூற்றிலிருந்து ஒரு ஹைட்ரஜன் அணுவைப் பிய்த்து எடுத்துவிட்டால் மிஞ்சுவது அதுதான்: ஓர் ஆக்சிஜன், ஒரு ஹைட்ரஜன், ஜோடி சேராத ஓர் எலெக்ட்ரான். ஜோடியில்லாத அந்த எலெக்ட்ரானை வைத்துக்கொண்டு அதனால் சும்மா இருக்க முடியாது. அருகில் எது கிடைத்தாலும் அதிலிருந்து ஒரு ஹைட்ரஜனையோ எலெக்ட்ரானையோ பறித்துக்கொள்ளும். வேதியியலில் இந்தப் பறிக்கும் வலிமையை வோல்ட்டில் சொல்வார்கள். குளோரினுக்கு 1.36, ஹைட்ரஜன் பெராக்சைடுக்கு 1.78, ஓசோனுக்கு 2.07. ஹைட்ராக்சிலுக்கு 2.8. இதைவிட வலிமையானது என்று தேடினால் ஃபுளோரின்தான் அகப்படும். அதைத் தண்ணீர்த் தொட்டியின் பக்கமே கொண்டுவர முடியாது.

ஹைட்ராக்சிலின் ஆயுள் தண்ணீரில் நானோ விநாடிக் கணக்கு. பிறந்த இடத்திலிருந்து சில நானோமீட்டர் போவதற்குள் எதன் மீதாவது பாய்ந்து தீர்ந்துவிடும். அதனால் இதைச் செய்து, புட்டியில் அடைத்து, லாரியில் ஏற்றி அனுப்ப முடியாது. அழுக்கு இருக்கும் இடத்திலேயே, அழுக்கை ஒட்டியே பிறப்பிக்க வேண்டும். நம் தலைக்கு மேலே காற்றுமண்டலத்தில் இந்த வேலை ஓயாமல் நடக்கிறது. சூரிய ஒளியும் ஓசோனும் நீராவியும் சேர்ந்து அங்கே ஹைட்ராக்சிலை உண்டாக்குகின்றன. மீத்தேன், கார்பன் மோனாக்சைடு போன்ற வாயுக்களை உடைத்துக் காற்றை ஓரளவு சுத்தமாக வைத்திருப்பது அதுதான். மேம்பட்ட ஆக்சிஜனேற்றம் என்ற பெயரில் நீர்ப் பொறியாளர்கள் செய்வதெல்லாம், வானத்தில் நடக்கும் அந்த வேலையைத் தொட்டிக்குள் நடத்துவதுதான்.

அதற்கான வழிகளில் பழையது கேம்பிரிட்ஜில் ஒரு மாணவரின் மேசையில் தற்செயலாகத் தென்பட்டது. ஹென்றி ஃபென்டன் என்ற அவர், டார்டாரிக் அமிலத்தில் இரும்பு உப்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்து, காரம் சேர்த்தபோது ஊதா நிறம் தோன்றுவதைக் கண்டு 1876-ல் ஓர் இதழுக்கு எழுதினார். நம் புளிக்குப் புளிப்புத் தரும் அதே டார்டாரிக் அமிலம்தான். முழு ஆய்வை 1894-ல் வெளியிட்டார். அந்த வினையில் ஹைட்ராக்சில் பிறக்கிறது என்று ஹேபரும் வைஸும் சொன்னது 1934-ல். ஃபென்டன் காலமாகி ஐந்தாண்டு கழித்து.

இரும்பு, பெராக்சைடைக் கிள்ளி ஹைட்ராக்சிலை விடுவிக்கிறது. கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் இது நன்றாக நடக்க நீர் நல்ல அமிலமாக, பி.எச். 3 அளவில் இருக்க வேண்டும். சாயக்கழிவோ காரநீர். அமிலம் ஊற்றி இறக்கி, வேலை முடிந்ததும் காரம் சேர்த்து ஏற்ற வேண்டும். ஏற்றும்போது கரைந்திருந்த இரும்பு முழுவதும் செம்மண் நிறக் கசடாக இறங்கும். அமிலத்துக்கும் காரத்துக்கும் பெராக்சைடுக்கும் காசு, கசடை அள்ளவும் காசு. ஓசோன் ஊதலாம், புற ஊதாக் கதிர் பாய்ச்சலாம். ஆனால் கறுத்த சாயநீருக்குள் கதிர் சில மில்லிமீட்டர்கூட நுழைவது கஷ்டம்.

இந்த இடத்தில்தான் குமிழி வருகிறது. எதையும் வெளியிலிருந்து சேர்க்காமல், தண்ணீரைக் கொண்டே தண்ணீரை உடைத்து ஹைட்ராக்சில் எடுக்கும் வழி.

உலை வைத்த எவருக்கும் இதன் முதல் பாடம் தெரியும். தண்ணீர் கொதிப்பதற்குச் சற்று முன் உலை இரையும். தளதளவென்று கொதி வந்ததும் அந்த இரைச்சல் தணிந்து சத்தம் மாறிவிடும். அடியில் பிறக்கும் நீராவிக் குமிழிகள், மேலே இருக்கும் ஆறிய நீருக்குள் ஏறியதும் சட்டென்று நொறுங்குகின்றன. அந்த நொறுங்கல்களின் கூட்டொலியே இரைச்சல். தண்ணீர் முழுவதும் சூடானபின் குமிழிகள் நொறுங்காமல் மேலே வந்து உடைகின்றன, சத்தமும் மாறுகிறது. இதை விளக்கி ஆஸ்போர்ன் ரேனால்ட்ஸ் எழுதியதைப் படித்துத்தான் ராலே பிரபு, நொறுங்கும் குமிழிக்குள் என்ன நடக்கும் என்று கணக்குப் போட உட்கார்ந்தார். ஆர்கான் வாயுவைக் கண்டுபிடித்து நோபல் பெற்றவர். 1917-ல் அந்தக் கணக்கை வெளியிட்டபோது எழுபத்தைந்து வயதை நெருங்கிக்கொண்டிருந்தார்.

அவருக்கு வேறொரு தூண்டுதலும் இருந்தது. பிரிட்டிஷ் கடற்படையின் வேகக் கப்பல்களில் சுழலிகள் அரிக்கப்பட்டுக் குழிவிழுந்தன. இதற்குக் காரணமான நிகழ்வை 1890-களிலேயே பொறியாளர்கள் கண்டிருந்தார்கள். நீராவி டர்பைனைக் கண்ட சார்லஸ் பார்சன்ஸ், தன் 'டர்பினியா' கப்பல் எதிர்பார்த்த வேகத்தை எட்டாதது ஏன் என்று தேடியபோது, வேகமாகச் சுழலும் இதழைச் சுற்றித் தண்ணீரே கிழிந்து வெற்றிடங்கள் உண்டாவதைப் பார்த்தார். அதை ஆராய்வதற்கென்றே ஒரு சோதனைத் தொட்டி செய்தார். சுழலிகளை மூன்று அச்சுகளில் ஒன்பதாகப் பிரித்துப் பொருத்திய பிறகு, 1897-ல் விக்டோரியா ராணியின் வைர விழாக் கடற்படை அணிவகுப்பில் அந்தக் கப்பல் யாரும் பிடிக்க முடியாத வேகத்தில் ஓடிக் காட்டியது.

தண்ணீர் எப்படிக் கிழியும்? ஊட்டியில் தண்ணீர் 100 டிகிரிக்குப் பல டிகிரி முன்பே கொதித்துவிடும். காற்றழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். அழுத்தத்தை இன்னும் குறைத்துக்கொண்டே போனால், 25 டிகிரியிலேயே, கையில் அள்ளினால் குளிர்ச்சியாக இருக்கும் தண்ணீரே கொதிக்கும். அதற்குச் சாதாரணக் காற்றழுத்தத்தில் சுமார் முப்பதில் ஒரு பங்குக்கு இறங்க வேண்டும். ஓடும் நீரில் வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறையும் என்பது பெர்னூலி காட்டிய விதி. குழாயின் நடுவில் ஓர் இடுக்கு வைத்து, அதன் வழியே தண்ணீரை விநாடிக்கு 14 மீட்டருக்கு மேல் ஓட்டினால் கணக்கு நேராகிவிடுகிறது: இடுக்கில் அழுத்தம் அந்த எல்லைக்கு இறங்கி, குளிர்நீர் கொதித்துக் குமிழிகளாகப் பொங்குகிறது. இடுக்கைத் தாண்டியதும் குழாய் அகல்கிறது, வேகம் தணிகிறது, அழுத்தம் திரும்பி வருகிறது. குமிழிகள் எல்லாப் பக்கமும் அமுக்கப்பட்டு நொறுங்குகின்றன.

கோவைப் பக்கம் மோட்டார் மெக்கானிக்குகளுக்கு இது புதிய செய்தியாக இருக்காது. கிணற்றில் தண்ணீர் இறங்கி, சக்ஷன் உயரம் ஏறிவிட்டால், பம்ப்புக்குள் கூழாங்கல் உருள்கிற சத்தம் கேட்கும். கழற்றிப் பார்த்தால் கல் ஏதும் இருக்காது. இம்பெல்லர் மட்டும் அரிக்கப்பட்டுப் பொடிப்பொடியாகக் குழி விழுந்திருக்கும். சுவரருகே நொறுங்கும் குமிழி சமச்சீராக நொறுங்குவதில்லை. சுவருக்கு எதிர்ப்பக்கம் உள்வாங்கி, விநாடிக்கு நூறு மீட்டர் வேகத்தில் ஒரு நுண்தாரையைச் சுவர் மீது பாய்ச்சும். இரும்பையும் வெண்கலத்தையும் தின்பது அந்தத் தாரையும் அதிர்ச்சி அலையும்தான். பம்ப் செய்பவர்கள் நூறாண்டுகளாகத் தவிர்க்கப் பாடுபடும் இந்தக் கேட்டை, வேண்டுமென்றே உண்டாக்கி வேலை வாங்குவதுதான் குமிழிச் சுத்திகரிப்பு.

ராலேயின் கணக்குப்படி, வெற்றுக் குமிழி ஒன்று இருபதில் ஒரு பங்கு ஆரத்துக்குச் சுருங்கும்போது அதைச் சுற்றியுள்ள நீரில் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல் 1,260 மடங்காகிறது. உள்ளே இருக்கும் வாயுவுக்கு என்ன ஆகும்? சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப்பின் அடிப்பக்கம் சுடுவதைத் தொட்டுப் பார்த்திருப்போம். அமுக்கப்படும் காற்று சூடாகிறது. அதே சங்கதி, ஒரு மைக்ரோ விநாடிக்கும் குறைந்த நேரத்தில், சூடு வெளியே கசிய வழியே இல்லாத வேகத்தில் நடந்தால்? அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கென்னத் சஸ்லிக்கின் குழு, கேளா ஒலி பாய்ச்சிய திரவங்களில் இதை அளந்தது. நொறுங்கும் குமிழியின் நடுவில் சுமார் 5,000 கெல்வின். சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,800. அழுத்தம் நூற்றுக்கணக்கான வளிமண்டலங்கள். நொறுங்கி முடிந்ததும் அந்தச் சூடு அதே வேகத்தில் அவிந்துபோகிறது. தொட்டியில் கை வைத்தால் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், அவ்வளவுதான்.

இந்தக் குமிழிகள் ஒளிவிடவும் செய்கின்றன. 1934-ல் ஜெர்மனியின் கொலோன் நகரில் ஃபிரென்செல், ஷூல்டெஸ் இருவரும் புகைப்படத் தகட்டைச் சீக்கிரம் கழுவ முடியுமா என்று பார்ப்பதற்காக, திரவத்தில் கேளா ஒலியைச் செலுத்தினார்கள். தகட்டில் புள்ளி புள்ளியாக ஒளி பட்ட தடம் இருந்தது. உயிரினங்களில் இந்த வித்தையை வைத்துப் பிழைப்பதும் ஒன்று உண்டு. ஒரு கொடுக்கு மட்டும் பெருத்து வளர்ந்த சிறு இறால் அது. கொடுக்கை மின்னல் வேகத்தில் மூடித் தண்ணீரைப் பீய்ச்சும்போது குமிழி பிறக்கிறது. குமிழி நொறுங்கும் அதிர்ச்சியில் எதிரே வந்த இரை மயங்கி விழுகிறது. அந்த 'டப்' ஓசை கொடுக்கு மோதுவதால் வருவதல்ல, குமிழி நொறுங்குவதால் வருவது என்று நெதர்லாந்து, ஜெர்மனி ஆய்வாளர்கள் 2000-ல் அதிவேகக் கேமரா வைத்துக் காட்டினார்கள். அடுத்த ஆண்டே அந்த நொறுங்கலிலும் ஒளி வருவதைப் பதிவுசெய்தார்கள். உயிருள்ள ஒரு பிராணியின் கையில் நட்சத்திரச் சூடு! படிக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கும் செய்தி இது.

குமிழிக்குள் மாட்டிக்கொண்ட நீராவி இந்தச் சூட்டைத் தாங்க முடியாமல் இரண்டாக உடைகிறது: ஒரு ஹைட்ரஜன் அணு, ஒரு ஹைட்ராக்சில். நாம் தேடியது கிடைத்துவிட்டது. இதில் கவனிக்க வேண்டியது, குமிழியைச் சுற்றி மூன்று இடங்களில் மூன்று விதமாக வேலை நடப்பது. பென்சீன் போல எளிதில் ஆவியாகும் பொருள்கள் குமிழிக்குள்ளேயே புகுந்து, சூட்டிலேயே வெந்து சிதைகின்றன. தண்ணீரைப் பிடிக்காத எண்ணெய்த்தன்மை கொண்டவை குமிழியின் தோலில் வந்து ஒட்டுகின்றன. அங்கே ஹைட்ராக்சில் அடர்த்தியாக இருப்பதால் நன்றாக அடி வாங்குகின்றன. நன்றாகக் கரையக்கூடியவை குமிழியின் பக்கம் வருவதில்லை. வெளியே தப்பி வரும் ஹைட்ராக்சிலுக்காகத்தான் அவை காத்திருக்க வேண்டும். ஆனால் ஹைட்ராக்சில்கள் வெளியே வருவதற்குள் இரண்டிரண்டாகச் சேர்ந்து ஹைட்ரஜன் பெராக்சைடாகிவிடுகின்றன. ரியாக்டிவ் சாயங்கள் இந்த மூன்றாம் கூட்டம். தண்ணீரில் நன்றாகக் கரைய வேண்டும் என்பதற்காகவே சல்ஃபோனிக் தொகுதிகளைச் சேர்த்துச் செய்யப்பட்டவை அவை.

அதனால் குமிழியைத் தனியாக விட்டால் சாயம் மெதுவாகத்தான் போகும். துணைக்குக் கொஞ்சம் பெராக்சைடோ ஓசோனோ இரும்போ சேர்த்தால் காரியம் வேகம் பிடிக்கிறது. குமிழிச் சூடு பெராக்சைடை உடைத்து மேலும் ஹைட்ராக்சில் தருகிறது. நொறுங்கலின் கொந்தளிப்பு ஓசோன் வாயுவைப் பொடிக்குமிழிகளாக்கி நீரில் கரைக்கிறது. குமிழியில் பிறந்து வீணாகும் பெராக்சைடை இரும்பு பிடித்துக்கொண்டு ஃபென்டன் வினையாக்குகிறது. தனித்தனியாகச் செய்யும் வேலைகளின் கூட்டுத்தொகையைவிட, சேர்ந்து செய்யும் வேலை பல ஆய்வுகளில் அதிகமாக வருகிறது.

குமிழியை உண்டாக்க இரண்டு பாதைகள் உண்டு. கேளா ஒலி ஒன்று. நகைக்கடையில் அழுக்கேறிய நகையைப் போட்டு எடுக்கும் சிறு தொட்டி அதில்தான் ஓடுகிறது. ஆய்வுக்கூடத்தில் பீக்கர் அளவுக்கு அது அழகாக வேலை செய்யும். நாளொன்றுக்கு லட்சக்கணக்கான லிட்டர் என்றால் கட்டுபடி ஆகாது. ஒரு மாசை ஒரு கன மீட்டர் நீரில் பத்தில் ஒரு பங்காகக் குறைக்க எத்தனை யூனிட் மின்சாரம் என்று ஒரு அளவுகோல் இருக்கிறது. அதில் கேளா ஒலி முறைகள் பொதுவாக 100 யூனிட்டையும் தாண்டிவிடுகின்றன. இன்னொரு பாதை, மேலே சொன்ன இடுக்கு. துளையிட்ட தகடோ, இடை சிறுத்த வெஞ்சுரிக் குழாயோ, ஒரு பம்ப்போ இருந்தால் போதும். இதில் ஒவ்வொரு குமிழியின் நொறுங்கலும் கேளா ஒலியில் உள்ளதைவிட மென்மையானது. ஆனால் ஓடும் நீர் முழுவதும் குமிழி மண்டலத்தைக் கடந்து போவதால் கூட்டிக் கழித்துப் பார்த்தால் மின்சாரத்துக்கு நல்ல பலன் கிடைக்கிறது.

இந்த இரண்டாம் பாதையை உலகுக்குக் காட்டியதில் இந்திய ஆய்வாளர்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அது இங்கே போதிய அளவு தெரியாதது எனக்கு வருத்தம். மும்பையில் ஜவுளி ஆலைகள் கொடிகட்டிப் பறந்த 1933-ல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் ஒரு துறையாகத் தொடங்கிய நிறுவனம், இன்றைய வேதியியல் தொழில்நுட்ப நிறுவனம். அங்கே அனிருத்த பண்டிட், பராக் கோகடே ஆகியோர் இடுக்கின் வடிவம், துளையின் எண்ணிக்கை, நுழைவு அழுத்தம் என்று ஒவ்வொன்றாக எடுத்து, குமிழி முறையை அளந்து வடிவமைக்கக் கூடிய பொறியியலாக ஆக்கினார்கள். புணேயின் தேசிய வேதியியல் ஆய்வகம் சுழல் டயோடு என்ற சாதனத்தில் கவனம் செலுத்தியது. தட்டையான வட்ட அறைக்குள் நீர் பக்கவாட்டில் நுழைந்து சுழித்து, நடுவில் உள்ள வழியே வெளியேறும். சுழியின் மையத்தில் அழுத்தம் இறங்கிக் குமிழி பிறக்கும். நூல் துணுக்கும் கசடும் வந்து அடைக்கச் சிறு துளை கிடையாது. நொறுங்கலும் உலோகச் சுவரை விட்டு விலகி நடுவில் நடக்கிறது. பட்டறை நீரைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

இவ்வளவு சொன்ன பிறகு, இந்த முறையால் ஆகாததையும் சொல்ல வேண்டும். முதலாவது உப்பு. சோடியமும் குளோரைடும் ஏற்கெனவே உடைய வேண்டிய அளவுக்கு உடைந்தவை. எத்தனை ஹைட்ராக்சிலைப் பாய்ச்சினாலும் உப்பு உப்பாகவே இருக்கும். நொய்யல் கரையில் மண்ணைக் கெடுத்ததில் நிறத்தைவிட உப்புக்குத்தான் பங்கு அதிகம். ஆகவே ஆர்.ஓ.வும் எவாப்பரேட்டரும் இருந்தே தீர வேண்டும். குமிழி இயந்திரம் வந்தால் அவை வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பக் கூடாது.

இரண்டாவது, உப்பும் சோடாவும் சும்மாவும் இருப்பதில்லை. சாயம் ஏற்றக் கொட்டிய சோடா உப்பின் கார்பனேட், ஹைட்ராக்சிலைப் பிடித்து விழுங்குவதில் கெட்டி. அமில நீரில் குளோரைடும் அதையே செய்யும். செய்வதோடு நிற்காமல் குளோரின் ஏறிய புதுக் கரிமச் சேர்மங்களையும் உண்டாக்கிவிடலாம். சாயத்தைத் துணியில் ஏற்ற உதவிய பொருள்களே, அதை நீரிலிருந்து நீக்கும்போது குறுக்கே நிற்கின்றன.

மூன்றாவது, நம் கண்ணே நம்மை ஏமாற்றும். சாயங்களில் பெரும்பகுதி அசோ வகை. இரு நைட்ரஜன் அணுக்கள் கைகோத்து நிற்கும் அந்தப் பாலத்தில்தான் நிறம் இருக்கிறது. ஹைட்ராக்சில் அந்தப் பாலத்தை உடைத்தவுடன் தண்ணீர் தெளிந்துவிடும். ஆனால் உடைந்த துண்டுகள், பென்சீன் வளையங்களும் அமின்களும், தண்ணீருக்குள்தான் இருக்கின்றன. அவற்றில் சில, முழுச் சாயத்தைவிட நச்சானவை. கரியமில வாயுவும் தண்ணீருமாக முற்றிலும் எரிந்துபோக இன்னும் நெடுநேரம் வேண்டும். இதைக் கண்டுபிடிக்க சி.ஓ.டி. சோதனை இருக்கிறது: ஆரஞ்சு நிற டைக்ரோமேட்டும் கந்தக அமிலமும் சேர்த்து நீரை இரண்டு மணி நேரம் 150 டிகிரியில் வேகவைத்து, எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது என்று பார்ப்பது. தெளிந்த நீரும் அந்தக் குழாயில் பச்சையாக மாறித் தன் அழுக்கைக் காட்டிக்கொடுக்கும்.

முற்றிலும் எரிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் மின்சாரக் கட்டணமே பட்டறையை மூடிவிடும். இந்த முறை நன்றாக உதவக்கூடிய இடம் வேறு என்பது என் எண்ணம். நுண்ணுயிர்கள் கடிக்க முடியாத பெரிய மூலக்கூறுகளைக் கடிக்கத் தோதான துண்டுகளாக்கிக் கொடுப்பதோடு குமிழி ஒதுங்கிக்கொள்ள வேண்டும். மிச்சத்தைத் தொட்டியில் உள்ள நுண்ணுயிர்கள் பார்த்துக்கொள்ளும். அவற்றுக்குச் சம்பளம், கொஞ்சம் காற்று. இந்த மாற்றம் நடந்ததா என்று அறிய, நுண்ணுயிர்கள் தின்னும் பங்கை அளக்கும் பி.ஓ.டி.யை, மொத்த அழுக்கைக் காட்டும் சி.ஓ.டி.யால் வகுப்பார்கள். விகிதம் 0.3-க்குக் கீழே என்றால் நுண்ணுயிர்த் தொட்டி திணறும், 0.4-ஐத் தாண்டினால் தெம்பாக ஓடும். குளிர்நாடுகள் பி.ஓ.டி.யை 20 டிகிரியில் ஐந்து நாள் வைத்து அளக்கின்றன. நம் நாட்டு விதி 27 டிகிரியில் மூன்று நாள்.

இன்னொரு இடமும் இருக்கிறது. நுண்ணுயிர்த் தொட்டி விட்டுவைத்த கடைசிச் சாயமும் கரிமப்பொருளும்தான் ஆர்.ஓ. சவ்வில் படிந்து அதை அடைக்கின்றன. சவ்வுக்கு முன்னால் ஒரு சிறு ஆக்சிஜனேற்றம் வைத்தால் சவ்வு நீண்ட நாள் உழைக்கலாம். ஆனால் மிச்சமிருக்கும் பெராக்சைடு சவ்வையே கெடுத்துவிடாதபடி, முன்னதாக அதைத் தீர்த்துவிட வேண்டும்.

ஆய்விதழ்களில் வரும் கட்டுரைகளில் ஏராளமானவை, வடித்த நீரில் ஒரே ஒரு சாயத்தைச் சிட்டிகையளவு கரைத்து, அது 90 சதவீதம் போயிற்று என்று முடிகின்றன. அறிவியலின் முதல் படிக்கு அது சரி. பட்டறைத் தொட்டியில் பத்து வகைச் சாயம், உப்பு, சோடா, சோப்பு, நூல் துணுக்கு எல்லாம் கலந்து கிடக்கிறது. அதனால் குமிழி இயந்திரம் விற்க வருகிறவரிடம் சுத்திகரிப்பு நிலையத்து ஆட்கள் கேட்க வேண்டிய கேள்விகள் சில. எங்கள் தொட்டியில் இன்று எடுத்த நீரிலேயே ஓட்டிக் காட்டுவீர்களா? நிறத்தை விடுங்கள், சி.ஓ.டி. எவ்வளவு இறங்கியது, பி.ஓ.டி. விகிதம் எவ்வளவு ஏறியது? ஒரு கன மீட்டருக்கு எத்தனை யூனிட், எத்தனை லிட்டர் பெராக்சைடு? துளைத்தகடு எத்தனை மாதத்தில் தேயும், மாற்றுத் தகடு என்ன விலை? குளோரின் ஏறிய சேர்மங்கள் உண்டாயினவா என்று எந்த ஆய்வகத்தில் பார்த்தீர்கள், அந்த அறிக்கையைக் கொடுக்க முடியுமா?